இரண்டாவது 'முடியாதுங்க'

கன்சோலில் புதிதாக உட்காரப் போகிற தம்பிகளே, தங்கச்சிகளே,

எந்தப் பட்டன் எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது, காற்றை முறுக்கிவிடுவது, ஒரு என்ஜினை அணைத்துவிட்டு ஒன்றுமே தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் சீக்கிரமே கை பழகிவிடும். நான் பேச வந்தது உங்கள் குரலைப் பற்றி.

நம் விமானப் பயிற்சி சிமுலேட்டர் கூடத்தைப் பார்க்காதவர்களுக்கு நம் வேலையைப் புரிய வைப்பது கஷ்டம். நான் இப்படித்தான் சொல்வேன். ஒரு மூடின பெட்டிக்குள் விமானத்தின் முன்பகுதி இருக்கிறது. பைலட் அதில் உட்கார்ந்து ஓட்டுகிறார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் வெள்ளைத் துணி கட்டின மாதிரி மேகம்தான். முன்னால் இருக்கிற கருவிகளையும், தரையிலிருந்து வழி சொல்லும் கண்ட்ரோலரின் குரலையும் நம்பித்தான் இறங்க வேண்டும். அந்த மேகத்தைப் போடுகிறவனும் நான், அந்தக் கண்ட்ரோலராகப் பேசுகிறவனும் நான். இதை வீட்டில் சொன்ன முதல் நாள் என் மனைவி தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்: "அப்ப மழையும் நீங்கதான், டிராபிக் போலீசும் நீங்கதானுங்களா?" என்னுடைய பதவிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

நான் படித்து வந்தவன் இல்லை. ஒரு நூல் மில்லில் மிஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். சிமுலேட்டருக்குக் கரண்ட் வேலை பார்க்க வந்த இடத்தில், பின்னால் உட்கார்ந்து குரல் கொடுக்க ஆள் வராத ஒரு நாள், அங்கே தலைமைப் பயிற்றுநராக இருந்த கேப்டன் என் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டார். பைலட்டும் கண்ட்ரோலரும் பேசிப் பதிவான வானொலிப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டே அந்த இங்கிலீஷைப் பிடித்தேன். கேப்டன் உக்கடத்துப் பக்கம் பழைய இரும்புக் கடைக் குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிட வயதில் சின்னவர், அதனால் கடைசிவரை என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார். பெரிய விமானங்களை மழைக்கால மும்பையிலும் சென்னையிலும் இறக்கிவிட்டு, முதுகுவலியோடு ஊர் திரும்பியவர். "நீங்க பேசினா எனக்கே ஒரு பதட்டம் வருதுங்ணா, நிஜ கண்ட்ரோலர் மாதிரியே இருக்கு" என்று அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் கற்ற ஒரு விஷயத்தைத்தான் உங்களிடம் ஒப்படைக்கப் போகிறேன்.

கோபிப் பக்கத்து அம்மணி ஒருத்தர் எங்களிடம் வந்தார். மஞ்சள் விவசாயக் குடும்பம். நாற்பதைத் தொட்டிருந்தார். முன்பு ஒரு சின்ன கம்பெனியில் விமானம் ஓட்டியவர், குழந்தை, மாமியாருக்கு வைத்தியம் என்று சில வருஷம் பறக்காமல் இருந்துவிட்டார். பழைய கம்பெனி ஒரு இருக்கையை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் மழைக்காலம் தொடங்குவதற்குள், கருவி பார்த்துப் பறக்கும் தகுதியை அவர் புதுப்பித்துக் காட்ட வேண்டும். ஒரு தேர்வில் ஏற்கெனவே தவறிவிட்டார். இன்னொரு முறை தவறினால் அந்த இருக்கை வேறு ஆளுக்கு. அந்த வயதில், அத்தனை இடைவெளிக்குப் பிறகு, வேறு எவரும் அவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கை என்றால் அப்படி ஒரு கை. முள் ஒரு நூல் அசையாது. என்ஜினை அணைத்தேன், சமாளித்தார். ஒரு கருவியை இருட்டடித்தேன், பக்கத்துக் கருவியை வைத்து ஓட்டினார். ஆனால் நெரிசலான வான்வெளி, சுற்றிலும் மழை மேகம் என்று வைத்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடியும். நான் கண்ட்ரோலராக, "இடது பக்கம் திரும்புங்கள்" என்பேன். இடது பக்கம் அவர் ரேடார் திரையில் சிவப்பாக மழை நிற்கும். "ரோஜர்", அதாவது உத்தரவு கேட்டாச்சு, என்று சொல்லிவிட்டுத் திரும்பி நேராக அதற்குள் போவார். விமானம் குதிரை மாதிரி குதிக்கும், உயரம் சரியும், கேப்டன் கை காட்டுவார், நான் எல்லாவற்றையும் உறைய வைப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிஜ கண்ட்ரோலர் கெட்டவர் இல்லை. பைலட் திரையில் தெரிகிற அளவுக்கு மழை அவர் திரையில் தெரியாது. அவருக்கு விமானங்கள்தான் புள்ளிகளாகத் தெரியும், அவற்றை மோதாமல் வரிசைப்படுத்துவதுதான் அவர் கவலை. மழையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது பைலட். அதற்கென்றே வானொலியில் ஒரு வார்த்தை இருக்கிறது: 'அனேபிள்'. முடியாது என்று அர்த்தம்.

"மேடம், அந்த சிவப்பு தெரிஞ்சுதா இல்லையா?" என்று கேப்டன் கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க."

"பின்ன ஏன் போனீங்க?"

அம்மணி அடுத்த பறப்புக்கு பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். கேப்டன் என்னிடம் தனியாக, "ரேடாரைப் படிக்கிறது மறந்துபோச்சு போலிருக்குங்ணா, மறுபடி முதல்ல இருந்து வரலாம்" என்றார். இரண்டு நாள் ரேடார் பாடமே நடந்தது. அம்மணி அதை எங்களுக்கே திருப்பிச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு ஒப்பித்தார். மூன்றாம் நாள் மறுபடி அதே மழைக்குள் நேராகப் போனார்.

விஷயம் பிடிபட்டது வண்டி நிறுத்துமிடத்தில். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற அம்மா ஒருவர், ரிப்பேர் செய்து வந்த டேபிள் டாப் கிரைண்டரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த நம் அம்மணியைப் பார்த்தார்.

"ஏனுங்க, துடியலூர் பக்கமாத்தான போறீங்க? இத எங்க அக்கா ஊட்டுல குடுத்துப்போட்டுப் போயிருங்களே."

"செரிங்க, வையுங்க."

கிரைண்டர் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறியது. இரண்டு காலையும் வைக்க இடமில்லாமல் அம்மணி தவளை மாதிரி உட்கார்ந்தார். எனக்குச் சந்தேகம்.

"அம்மணி, நீங்க தங்கியிருக்கறது சரவணம்பட்டில தங்கச்சி ஊட்டுலதானுங்களே?"

"ஆமாங்ணா."

"துடியலூர் வேற பக்கமாச்சே."

"ஆமாங்ணா."

"பின்ன எதுக்கு செரின்னீங்க?"

"அவங்க கேட்டுப்போட்டாங்களேங்ணா. மொகத்துக்கு நேரா எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?"

சொல்லிவிட்டு, கிரைண்டரோடு தள்ளாடிக்கொண்டே கிளம்பிப் போனார். நான் அங்கேயே நின்றேன். என் மனதில் ஓடியது துடியலூர் ரோடு அல்ல, அந்தச் சிவப்பு மழை. கண்ட்ரோலர் கேட்டுப்போட்டார், அதனால் அவர் போனார்!

நீங்களும் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள்தானே, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் ஆட்கள் முடியாது என்று சொல்லி நான் கேட்டதே அபூர்வம். 'பாக்கலாமுங்க' என்போம். 'ஊட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க' என்போம். எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு எழுந்து போவார். அதிலே ஒரு அழகு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் மேகத்துக்குள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறபோது 'பாக்கலாமுங்க' என்றால், அதற்குள் பார்த்தாகிவிடும்.

மறுநாள் கேப்டனிடம் கிரைண்டர் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு தாடியைத் தடவினார்.

"போன தேர்வுக்குப் பயிற்சி எடுத்த இடத்துல அவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்திருக்காங்க தெரியுமாங்ணா? தைரியமா இருங்க, கறாரா பேசுங்க, இவ்வளவு மரியாதை ஆகாதுன்னு. மரியாதைய விடுன்னா அவங்க விடமாட்டாங்க. நீங்க விடுவீங்களா? நான் விடுவனா? எங்க அத்தா கடைல கடன் கேட்டு வந்தவனக்கூட வெறுங்கையா அனுப்பறப்ப டீ குடுத்துத்தான் அனுப்புவாரு."

அவருடைய அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. பத்தில் ஒன்பது பயிற்றுநர்கள் அந்த அம்மணியை வேறு ஆளாக மாற்றப் பார்த்திருப்பார்கள். இவர் சிமுலேட்டரை அணைத்துவிட்டு எங்கள் இருவரையும் டீ குடிக்கிற அறைக்குக் கூட்டிப்போய் எதிரெதிரே உட்கார வைத்தார்.

"மேடம், விமானத்த மறந்துருங்க. இங்கிலீஷும் வேண்டாம். அண்ணன்தான் கண்ட்ரோலர், நம்ம ஊர்த் தமிழ்லயே பேசுவார். இடது பக்கம் மழை. நீங்களும் நம்ம ஊர்த் தமிழ்லயே பதில் சொல்லுங்க. மரியாதை குறையக் கூடாது, மழைக்குள்ளயும் போகக் கூடாது."

எனக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, அப்படியே எடப்பக்கம் ஒடிச்சுக்கங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்ணா, அந்தப் பக்கம் மழை கட்டி நிக்குதுங்க. நான் சோத்தாங்கைப் பக்கமா சுத்திப் போயிக்கறனுங்க, ஆகுங்களா?"

கேப்டன் மேசையைத் தட்டினார். டீ கொட்டியது. "இதுதானுங்க மேடம்! இதுக்கு மேல உலகத்துல எந்தப் பைலட்டும் ஒண்ணும் சொல்றதில்ல. அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் போறேன். இதையே நீங்க வானொலில சொல்லோணும், அவ்வளவுதான். ஒரே ஒரு மாத்தம். நம்ம காரணத்த முதல்ல சொல்லி, முடியாதுங்கறத கடைசில வைப்போம், இல்ல வைக்கவே மாட்டோம். வானொலில அவருக்கு அவ்வளவு நேரமில்ல. முடியாதுங்கறத முன்னாடி வையுங்க. அதுதான் அவருக்கு மரியாதை. நீங்க செரின்னுட்டு அப்பறம் தடுமாறினா, உங்களுக்குப் பின்னாடி வர்ற அத்தனை பேரையும் அவர் கலைச்சுப் போடோணும்."

அம்மணியின் முகம் மாறியது. யாரும் அவரிடம் அதை அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. மறுப்பதும் ஒருவருக்குச் செய்கிற உபகாரமாக இருக்க முடியும் என்பது.

அன்று மத்தியானமே பெட்டிக்குள் ஏறினார். இடது பக்கம் திரும்பச் சொன்னேன். ஒரு மூச்சு கேட்டது. "அனேபிள், மழை. வலது பக்கம் கேட்கிறேன்." வார்த்தை வந்துவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. கேப்டன் ஒரு சீட்டில் கிறுக்கி என் முன்னால் நகர்த்தினார்: 'இன்னொரு தடவை கேளுங்க.'

கேட்டேன். "முன்னால் போனவர்கள் எல்லாரும் இடது பக்கம்தான் போனார்கள். உடனே திரும்புங்கள்."

"ரோஜர்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனார்.

இதுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. முதல் முறை மறுப்பதற்கு வார்த்தை தெரிந்தால் போதும். எதிராளி மறுபடி கேட்கிறபோது, அதுவும் 'எல்லாரும் போனார்களே' என்று கேட்கிறபோது, மறுக்க வேறொன்று வேண்டும். எதிராளி வருத்தப்பட்டால் படட்டும் என்று இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு அதுதான் மலை. அடுத்த நாட்களில் சில முறை தாண்டினார், சில முறை விழுந்தார். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களால் முடியவில்லை. தேர்வு நாள் வந்துவிட்டது.

தேர்வாளர் வெளியூர்க்காரர், அதிகம் பேசாதவர். அவர் போட்ட திட்டத்தில் மழைக்கால மும்பை, நெரிசல், இடது பக்கம் திருப்பிவிடும் ஒரு உத்தரவு, எல்லாம் இருந்தன. அம்மணி மறுத்தால் அதற்கு மேல் அழுத்துவதா வேண்டாமா என்பது திட்டத்தில் இல்லை. அது குரல் கொடுப்பவன் விருப்பம். அதாவது என் விருப்பம்.

கேப்டன் கூடத்தின் வாசலில் நின்றார். உள்ளே வர அவருக்கு அன்று அனுமதி இல்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "அண்ணனா உக்காராதீங்க."

பறப்பு தொடங்கியது. மற்ற விமானங்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. காற்றைக் கூட்டினேன். மழையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். உத்தரவு கொடுத்தேன். இந்த முறை மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அனேபிள், மழை. வலது பக்கம் கேட்கிறேன்."

சுத்தமாகச் சொல்லிவிட்டார். தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். நான் 'சரி, அனுமதி' என்றால் முடிந்தது. அம்மணிக்கு இருக்கை கிடைத்துவிடும். யாரும் என்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை.

என் விரல் பேசுகிற பட்டனின் மேல் இருந்தது. தம்பிகளே, அந்த ஒரு நொடியில் எனக்கு ஓடிய யோசனை இதுதான். நாளைக்கு இவருக்குப் பின்னால் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே யாரோ ஒருவர் இவரை இரண்டாவது முறை கேட்கத்தான் போகிறார். அதில் இவர் விழுவதாக இருந்தால் இங்கே என் குரலில் விழட்டும், கெட்டுப்போவது ஒரு தேர்வு மட்டும்தான்.

பட்டனை அழுத்தினேன். என்னிடம் இருந்த அத்தனை எரிச்சலையும் குரலில் ஏற்றினேன். "முன்னால் போன எல்லாரும் இடது பக்கம்தான் போனார்கள். வரிசை கெடுகிறது. உடனே இடது பக்கம் திரும்புங்கள்."

திரையில் அவருடைய விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கத்துச் சிவப்பின் ஓரம் அவர் பாதைக்குக் குறுக்கே நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்வாளர் பேனாவை எடுத்தார். இடது பக்கம் சாய்கிறாரா என்று பார்த்தேன், சாயவில்லை.

"அனேபிள்" என்றது குரல். மெதுவாக, வருத்தப்பட்டுச் சொல்கிற மாதிரி, ஆனால் அசையாமல். "இடது பக்கம் கனமழை. எனக்கு வலது பக்கம் வேண்டும்."

கேட்கிறேன் இல்லை, வேண்டும்!

"வலது பக்கம் அனுமதி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மழையைச் சுற்றிக்கொண்டு வந்து, கருவிகளை மட்டும் பார்த்து, ஓடுபாதை விளக்குகள் கடைசியில் தெரிகிற உயரத்தில் தெரிய, இறங்கினார்.

தேர்வாளர் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இரண்டாவது தடவை கேட்டது திட்டத்தில் இல்லையே?"

"இல்லைங்க."

"இனிமேல் நான் திட்டத்திலேயே எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அம்மணி பெட்டியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் அது நன்றியில்லை, கோபம். "ஏனுங்ணா, ரெண்டாவது தடவ கேட்டீங்களே, எந்திரிச்சு வந்து உங்கள நாலு வார்த்தை கேக்கலாம்னு இருந்துச்சுங்க!"

"கேட்டிருக்கலாமுங்க அம்மணி" என்றேன்.

வாசலில் நின்ற கேப்டனுக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் எனக்கும் இடையில் நன்றி என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கேப்டன் என் தலையில் ஹெட்செட்டை மாட்டியிராவிட்டால், நான் கண்டிப்புக்கும் கரிசனத்துக்கும் ஒரே குரல் போதும் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே போயிருப்பேன். கிரைண்டரைத் தூக்கி வைத்த கணக்கம்மாவுக்கும் நான் கடமைப்பட்டவன், இது அவருக்கே தெரியாது.

நீங்கள் உட்காரப்போகிற நாற்காலியில், நல்லவராகப் பெயர் வாங்க நினைக்காதீர்கள். பெட்டிக்குள் இருப்பவர் உங்களை மறுத்துப் பழக வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி நீங்கள் கேட்க வேண்டும். ஆனால் அவர் இரண்டாவது முறையும் உறுதியாகச் சொன்ன அந்த நிமிஷமே விட்டுக்கொடுத்துவிடுங்கள். அப்போதும் இழுத்தடித்தால் நீங்கள் பயிற்சி கொடுக்கவில்லை, வம்பு செய்கிறீர்கள்.

மழைக்காலத்தின் நடுவில் அம்மணி ஒரு நாள் போன் செய்தார். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். கோபமெல்லாம் போயிருந்தது.

"அண்ணா, இன்னைக்கு நிஜமாலுமே கேட்டாங்க. வானம் பூரா மழை. எடப்பக்கம் திரும்பச் சொன்னாரு. முடியாதுன்னேன். மறுபடி கேட்டாரு. குரலு அப்படியே உங்களாட்டவே இருந்துச்சுங்ணா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுங்க, வலப்பக்கம் வேணும்னேன். அப்பறம் செரின்னாரு. பக்கத்துல இருந்த கோ-பைலட்டு பையன் என்னைய ஒரு மாதிரி பார்த்தான்." சிரித்தார். "ஆனா அதச் சொல்றதுக்குக் கூப்புடலீங்ணா. நான் திரும்பின பொறகு, எனக்குப் பின்னாடி வந்த பிளேனும் எடப்பக்கம் முடியாதுன்னுது. அதுக்குப் பின்னாடி வந்ததும் முடியாதுன்னுது. அதுக்கும் பின்னாடி வந்தவங்களுக்கு, அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, கண்ட்ரோலரே வலப்பக்கம் குடுத்துட்டாருங்க."